நோய்க்கும் உண்டா நிரந்தரம், ஒப்பந்தம்?

2020 மார்ச் 28. கொரோனா பெருந்தொற்றுக்குக் கேரளம் தனது முதல் உயிரைப் பறிகொடுத்த நாள். துபாயிலிருந்து திரும்பி, களமசேரி அரசு மருத்துவக் கல்லூரியில் சிகிச்சை பெற்றுவந்த மட்டாஞ்சேரியைச் சேர்ந்த 69 வயது முதியவர் அன்று இறந்தார். வீட்டிலிருப்பதே தேசக் கடமை என்று நாடெங்கும் முழங்கப்பட்ட அந்த நாட்களில், மட்டாஞ்சேரியின் குறுகிய சந்துகளில் குப்பை அள்ளியவர்களுக்கும், வீடு வீடாகக் கதவு தட்டிய ஆஷா ஊழியர்களுக்கும் வீட்டிலிருக்கும் உரிமை இல்லை.

அரசு ஊழியர்களுக்குச் சிறப்பு விடுப்பு கிடைத்தது. குடும்பத்தில் ஒருவருக்குத் தொற்று உறுதியானால் 15 நாள் சிறப்புத் தற்செயல் விடுப்பு என்று ஒன்றிய அரசு 2021 ஜூன் 7 அன்று தனது ஊழியர்களுக்கு ஆணையிட்டது. இது யாரும் புதிதாக வழங்கிய கொடை அல்ல. வீட்டில் தொற்றுநோய் கண்டால் 21 நாள், தேவைப்பட்டால் 30 நாள் விடுப்பு என்பது ஆங்கிலேயர் கால அரசுப்பணி விதிகளிலேயே இருந்த ஏற்பாடு. நோயுற்றவன் வேலைக்கு வந்தால் அலுவலகமே படுத்துவிடும் என்ற கணக்கு காலனி ஆட்சிக்குக்கூடத் தெரிந்திருந்தது. ஆனால் அன்றும் இன்றும் இந்த விதிகள் பணிப்பதிவேட்டில் பெயருள்ளவர்களோடு நின்றுவிடுகின்றன. தினக்கூலிக்கும் ஒப்பந்தத் தொழிலாளிக்கும் வேலைக்கு வராத நாள் கூலி இல்லாத நாள். வீடுகள் தரும் மாதக் கட்டணத்தையே வருமானமாகக் கொண்ட ஹரித கர்ம சேனைப் பெண்களின் நிலையும் அதுவே.

இறந்தால் 50 லட்சம் ரூபாய் காப்பீடு என்று 2020 மார்ச்சில் சுகாதாரப் பணியாளர்களுக்கு அறிவித்தார்கள். காய்ச்சலோடு படுத்தால் என்ன என்ற கேள்விக்கு அதில் பதில் இல்லை.

2023 மே 5 அன்று உலக சுகாதார நிறுவனம் கொரோனா அவசரநிலையை முடித்துக்கொண்டது. அத்துடன் சிறப்பு விடுப்பு பற்றிய பேச்சும் அடங்கிவிட்டது. அமெரிக்காவிலும் இதே கதைதான். இரண்டு வாரச் சம்பளத்துடன் கூடிய நோய் விடுப்பைத் தந்த சட்டம் 2020 டிசம்பர் 31 அன்று காலாவதியானது. தொற்று உச்சத்தில் இருந்த குளிர்காலம் அது. 500க்கு மேற்பட்ட ஊழியர்களைக் கொண்ட பெரு நிறுவனங்களுக்கு அதில் முதலிலிருந்தே விலக்கு வேறு. முதலாளித்துவத்தின் கருணைக்குக் காலாவதித் தேதி உண்டு, தொற்றுக்கிருமிக்கு இல்லை. மழைக்காலம் தொடங்கினால் கொச்சியின் அடைபட்ட கால்வாய்களில் இறங்குபவரை எலிக்காய்ச்சல் காத்திருக்கிறது, டெங்கு காத்திருக்கிறது. 2023 மார்ச் 2 அன்று பிரம்மபுரம் குப்பைமேடு தீப்பிடித்து, நகரமே நாட்கணக்கில் நச்சுப்புகையில் மூழ்கியதை யாரும் மறந்திருக்க முடியாது. அப்போதும் குப்பை வண்டிகள் ஓடியாக வேண்டியிருந்தது.

தகழியின் 'தோட்டியின் மகன்' நாவலை சுந்தர ராமசாமியின் மொழிபெயர்ப்பில் தமிழ் வாசகர்கள் அறிவார்கள். நோயில் விழும் தந்தை, வேலை பறிபோய்விடக் கூடாதே என்று மகனை அனுப்புவதில்தான் ஆலப்புழை நகராட்சித் தொழிலாளியின் அந்தத் துயரக்கதை தொடங்குகிறது. நாவல் வெளிவந்தது 1947இல்.

மட்டாஞ்சேரிக்கு இதில் தனி நினைவு ஒன்று உண்டு. துறைமுகத் தொழிலாளர்களின் கூட்டத்தில் உலோக வில்லைகளை வீசியெறிந்து, முண்டியடித்துப் பொறுக்கியவனுக்கு மட்டும் அன்று வேலை என்ற 'சாப்பா' முறைக்கு எதிராக எழுந்த போராட்டத்தில், 1953 செப்டம்பர் 15 அன்று போலீஸ் துப்பாக்கிச் சூடு நடத்தியது. சைது, சைதலவி, அந்தோணி ஆகிய தோழர்கள் உயிர்நீத்தனர். உடல் நலிந்தவனால் வில்லையைப் பொறுக்க முடியாது. அன்று அவன் வீட்டில் அடுப்பு எரியாது. 1962இல் சாப்பா ஒழிந்தது. ஆனால் ஒப்பந்தக்காரரின் தினசரி வருகைப்பட்டியல் வேறென்ன?

நகராட்சிகளின் தற்காலிக, ஒப்பந்தத் தொழிலாளர்களை ஈஎஸ்ஐ திட்டத்தில் சேர்க்க மாநிலங்கள் அறிவிக்கை வெளியிட வேண்டும் என்று 2021 ஜூனில் ஒன்றிய தொழிலாளர் அமைச்சகம் கூறியது. நல்லதே, ஆனால் போதாது. ஈஎஸ்ஐ நோய்க்காலப் பலன் ஊதியத்தில் 70 சதவீதம். ஆண்டுக்கு 91 நாள் வரை. காத்திருப்புக் காலம் என்று முதல் இரண்டு நாட்களுக்குப் பணம் கிடையாது. காய்ச்சல் கண்டவர் கட்டாயம் ஓய்வெடுக்க வேண்டிய நாட்கள் அவைதான். இந்த இடைவெளியால்தான் அவர் மாத்திரையை விழுங்கிவிட்டு வண்டியைத் தள்ளப் போகிறார்.

'நிதி எங்கே?' என்று கேட்பார்கள். பிரம்மபுரம் தீக்காக 100 கோடி ரூபாய் அபராதத்துக்கு ஆளான மாநகராட்சி இது. குப்பைப் பணியில் மிச்சம் பிடிப்பது எங்கே கொண்டுபோய் விடும் என்பதை இதைவிடத் தெளிவாக எந்தத் தணிக்கை அறிக்கையும் சொல்லாது. இடது ஜனநாயக முன்னணி நகரை நிர்வகித்த ஆண்டுகளுக்கும் இந்தக் கேள்வி பொருந்தும். அதைத் தட்டிக்கழிப்பது நமக்கு அழகல்ல.

தொற்றுநோய்ச் சிறப்பு விடுப்பைக் கொரோனாவோடு முடிக்காமல் எலிக்காய்ச்சல், டெங்கு, காசநோய்க்கும் நிலையான உரிமையாக்க வேண்டும். நிரந்தரம், தினக்கூலி, ஒப்பந்தம், ஹரித கர்ம சேனை என்ற பேதமின்றி அது நகரத்துக்காக உழைக்கும் அனைவருக்கும் கிடைக்க வேண்டும். ஈஎஸ்ஐ தராத 30 சதவீதத்தையும் முதல் இரண்டு நாள் ஊதியத்தையும் மாநகராட்சியே ஏற்க வேண்டும். ஒப்பந்தக்காரர் மூலம் வேலை நடந்தாலும் முதன்மை வேலையளிப்பவர் மாநகராட்சிதான். அடுத்த வரவு செலவுத் திட்டத்திலேயே இதற்கு நிதி ஒதுக்கி, ஜூன் மாத மழைக்கு முன்பாக ஆணை பிறப்பிக்கப்பட வேண்டும்.