‘கஸின்’ என்னும் போர்வை

ஓர் ஆங்கிலச் சொல் நம் வீடுகளுக்குள் விருந்தாளியாக நுழைந்தது. இன்று அது வீட்டுக்கு உரிமை கொண்டாடி, முன்பிருந்த சொற்களையெல்லாம் வாசலுக்கு வெளியே தள்ளிவிட்டது. ‘கஸின்’ என்பதே அச்சொல். நிகாஹ் மஜ்லிஸில் ஓர் இளைஞரைச் சுட்டி, “இவர் உனக்கு என்ன முறை?” என்று நம் பிள்ளைகளைக் கேட்டால், “கஸின்” என்கிறார்கள். சாச்சா மகனும் கஸின்; மாமி மகனும் கஸின்; பெரியம்மா மகளும் கஸின்; பாட்டியாருடைய தங்கையின் பேத்தியும் கஸின். எவ்வழி உறவு என்று மேலும் வினவினால், பிள்ளை தாயின் முகத்தைப் பார்க்கிறது. தாய் தம் தாயாரின் முகத்தைப் பார்க்கிறார். அம்மூதாட்டியும் மறைந்த பின்னர் யார் முகத்தைப் பார்ப்பது?

“ஒரு சொல்லுக்காக இத்தனை ஆவேசமா?” என்று சிலர் கேட்கக்கூடும். சொல் மட்டும் போயிருந்தால் நாம் எழுதப் புகுந்திருக்க மாட்டோம். சொல்லோடு கணக்கும் போகிறது; கணக்கோடு கடமையும் உரிமையும் போகின்றன. அதுவே நம் கவலை.

முதலில், நாம் எதை இழக்கிறோம் என்று பார்ப்போம். அண்ணன் தம்பியரின் மக்கள் தமக்குள் உடன்பிறப்பு முறையினர். அக்காள் தங்கையரின் மக்களும் அவ்வாறே. அண்ணன் மக்களும் தங்கை மக்களுமோ ஒருவருக்கொருவர் மச்சான், மச்சி. தமிழ் உறவுமுறையின் அடித்தளம் இவ்வளவுதான். இவ்விதி ஒரு தலைமுறையோடு நின்றுவிடுவதில்லை. எதிரே நிற்பவர் எவ்வளவு தொலைவான உறவாயினும், “என் வாப்பா இவருடைய வாப்பாவை எப்படி அழைத்தார்?” என்ற ஒரே கேள்வி போதும். ‘காக்கா’, ‘நானா’, ‘தம்பி’ என்று அழைத்திருந்தால் அவர் நமக்குப் பெரியத்தா அல்லது சாச்சா. அவர் மக்கள் நமக்கு உடன்பிறப்பு முறை. ‘மச்சான்’ என்று அழைத்திருந்தால் அவர் நமக்கு மாமா. அவர் மக்கள் மச்சான், மச்சி. எழுத்தறியாத நம் பாட்டிமார் நாலு தலைமுறை உறவை நொடியில் சொன்னதன் இரகசியம் இதுவே. அமெரிக்க அறிஞர் லூயிஸ் ஹென்றி மார்கன், உலக மக்களின் உறவுமுறைகளை ஒப்பிட்டு 1871இல் வெளியிட்ட பெருநூலில், தமிழர் முறைக்கும் தம் நாட்டுப் பழங்குடியினரான செனெகா மக்களின் முறைக்கும் உள்ள ஒற்றுமையைக் கண்டு வியந்தார். கடல் கடந்தவர் வியந்ததை நாம் கைநழுவ விடுகிறோம்.

நமக்கு இன்னொரு செல்வமும் உண்டு. அரபு மொழி, தந்தையின் சகோதரரை ‘அம்மு’ என்றும், தந்தையின் சகோதரியை ‘அம்மத்து’ என்றும், தாயின் சகோதரரை ‘கால்’ என்றும், தாயின் சகோதரியை ‘காலத்து’ என்றும் பிரித்து, அவர்தம் மக்களையும் அவ்வழியே பெயரிட்டு வழங்குகிறது. திருக்குர்ஆனின் 33ஆம் அத்தியாயம் 50ஆம் வசனத்தில் இந்நால்வரின் புதல்வியரும் தனித்தனியே எண்ணப்படுகின்றனர். அலி (ரலி) அவர்கள் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் தந்தையுடைய சகோதரர் அபூதாலிபின் மைந்தர். ஸுபைர் (ரலி) அவர்களோ தந்தையின் சகோதரி ஸஃபிய்யா (ரலி) அவர்களின் மைந்தர். ஆங்கில வரலாற்று நூல்களில் இருவரும் ‘கஸின்’ என்ற ஒரே சொல்லுக்குள் அடங்கிவிடுகின்றனர். அந்நூல்கள் வாயிலாகவே சீறாவைப் படிக்கும் நம் பிள்ளைகளுக்கு வேறுபாடு எங்ஙனம் விளங்கும்?

தமிழ்ச் சொல் மட்டும் இருந்தால் போதும் என்றும் நாம் கூறவில்லை. வாப்பாவின் தம்பியும் சாச்சாதான். சாச்சியை மணந்தவரும் சாச்சாதான். இருவர் மக்களையும் ‘சாச்சா மகன்’ என்றே அழைக்கிறோம். ஆனால் பாகப்பிரிவினையின்போது இருவரும் ஒன்றல்லர். ஒருவர் மனைவியையும் ஒரே மகளையும் விட்டு இறக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பெற்றோர், பாட்டன் பாட்டியர், உடன்பிறந்தார், அவர்தம் மக்கள், மகன்வழிப் பேரர், தந்தையின் சகோதரர் எவரும் உயிருடன் இல்லை. மனைவிக்கு எட்டில் ஒன்று, மகளுக்குப் பாதி. எஞ்சிய எட்டில் மூன்று பங்கு யாருக்கு? வாப்பாவின் உடன்பிறந்த தம்பியுடைய மகன் இருந்தால், ‘அஸபா’ என்னும் தந்தைவழி ஆண் உறவினர் என்ற முறையில் அது அவருக்குச் சேரும். மாமா மகனுக்கும், மாமி மகனுக்கும், சாச்சியின் மகனுக்கும் அதில் பங்கில்லை. நால்வரையும் ‘கஸின்’ என்று எழுதிவைத்த குடும்பம் இக்கணக்கை எப்படிப் போடும்? உரிமை உடையவர் ஏமாற்றப்படுவதும், உரிமையற்றவர் வழக்காடுவதும் இவ்வாறுதான் தொடங்குகின்றன.

தமிழ், யார் உடன்பிறப்பு முறை, யார் மண முறை என்று சொல்கிறது. அரபு, யார் தந்தை வழி, யார் தாய் வழி என்று சொல்கிறது. இரண்டுக்கும் வாரிசுகளாகிய நாம் இரண்டையும் கொடுத்து, இரண்டில் எதையும் சொல்லாத ஒரு சொல்லை வாங்கியிருக்கிறோம். இதைவிட நட்டமான வாணிபம் உண்டா? ஆங்கிலேயர்கூடப் பொது முன்னோரைக் கண்டு, இரு பக்கமும் தலைமுறைகளை எண்ணி, ‘முதல் கஸின்’, ‘இரண்டாம் கஸின்’ என்று பகுப்பர். நாமோ சொல்லை எடுத்துக்கொண்டு கணக்கை விட்டுவிட்டோம்.

திருமணத்திலும் இதன் விளைவு உண்டு. காயல்பட்டினம், கீழக்கரை போன்ற ஊர்களில் மணமான பின்னும் பெண்கள் தாய் வீட்டிலோ பெற்றோர் அளித்த வீட்டிலோ வாழும் வழக்கம் உண்டு. அத்தகைய வீடுகளில் சகோதரியர் அருகருகே வாழ்ந்து, ஒருவர் பிள்ளைக்கு மற்றவர் பாலூட்டுவதும் இயல்பு. மார்க்கம் வகுத்த அளவில் பாலூட்டப்பட்டால் பால்குடி உறவு ஏற்பட்டு, அப்பிள்ளைகளுக்கிடையே நிகாஹ் விலக்கப்பட்டதாகிவிடும். இதை நினைவில் வைத்திருப்பவர் யார்? மருத்துவரும் இன்று, “உறவுக்குள் திருமணமா? என்ன உறவு?” என்றே முதலில் கேட்கிறார். ஒரு வழியில் மட்டும் முதல் தலைமுறை உறவானவர்கள் மரபுக்கூறுகளில் சராசரியாக எட்டில் ஒரு பங்கைப் பொதுவாகக் கொண்டிருப்பர். தந்தையர் இருவரும் சகோதரராகவும் தாயர் இருவரும் சகோதரியராகவும் இருந்தால், அது நாலில் ஒரு பங்காகிறது. ‘கஸின்’ என்ற விடை மருத்துவருக்கு எதையும் தெரிவிப்பதில்லை.

“எல்லாரையும் ஒரே சொல்லால் அழைத்தால் பேதம் ஒழியுமே” என்று வாதிடுவோர் உளர். எல்லாரும் ஒன்றென்றால், நோயுற்றவரைப் பார்க்கப் போக வேண்டியவர் யார்? அநாதையான பிள்ளைக்குப் பொறுப்பேற்க வேண்டியவர் யார்? பெயரற்ற உறவுக்குப் பொறுப்பும் இராது. “குடும்பங்கள் சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் வளைகுடாவிலும் சிதறிவிட்டன, இனி இவையெல்லாம் எதற்கு?” என்போரும் உளர். ஒரே தெருவில் வாழ்ந்தபோது தெருவே உறவைக் கற்பித்தது. சிதறிய பின்னர்தான் சொல்லிக் கொடுத்தாக வேண்டும். இரத்த உறவைப் பேணுதல் மார்க்கக் கடமை என்று மேடைதோறும் முழங்குகிறோம். யாரென்றே அறியாத உறவை எவ்வாறு பேணுவது?

செய்ய வேண்டியது மிக எளிது. ஒவ்வொரு வீட்டிலும் ஒரு குறிப்பேடு வையுங்கள். பாட்டன், பாட்டி, அவர்தம் உடன்பிறந்தார், ஒவ்வொருவரின் மக்கள் என வரிசைப்படுத்தி எழுதுங்கள். பெண்மக்களின் பெயர்களை விட்டுவிடாதீர்கள்; அவர்களை விட்டால் பாதி உறவு அறுந்துவிடும். யார் யாருக்குப் பாலூட்டினார் என்பதையும் குறியுங்கள். பெருநாள் அன்று பிள்ளைகளை முதியோர் முன் அமர்த்தி, ஒவ்வொருவரையும் முறை சொல்லி அழைக்கப் பழக்குங்கள். ‘கஸின்’ என்று ஒரு பிள்ளை சொன்னால், “எந்த வழியில்?” என்று விடாது கேளுங்கள்.

சொத்தை எழுதிவைக்கப் பத்திர அலுவலகம் தேடிப் போகிறோம். அச்சொத்து யாருக்குச் சேரும் என்று அறிவிக்கும் உறவை எழுதிவைக்க, வீட்டில் ஒரு பேனாகூட எடுக்கத் தயங்குகிறோம். பாட்டிமார் இருக்கும்போதே அந்தப் பேனாவை எடுங்கள்.