பலாலி ஆகாய மார்க்கம்

திருச்சிராப்பள்ளி விமான நிலையத்துக்கும் யாழ்ப்பாணத்துப் பலாலி விமான நிலையத்துக்கும் இடையேயுள்ள தூரம் நேர்க்கோட்டில் சுமார் 185 கிலோமீட்டரே. திருச்சியிலிருந்து கோயமுத்தூருக்குச் செல்லும் சாலை இதைவிட நீளமானது. எனினும், 2025 மார்ச்சில் இண்டிகோ கம்பெனியார் நேர் விமானம் விடத் தொடங்கும் வரையில், ஆகாய மார்க்கமாகச் செல்ல விரும்பிய திருச்சிப் பிரயாணி வடக்கே சென்னைக்குப் போய் அங்கே விமானம் ஏறவேண்டும்; அல்லது தெற்கே கொழும்பு சென்று, அங்கிருந்து 350 கிலோமீட்டருக்கு மேல் தரை வழியே வடக்கு நோக்கித் திரும்பவேண்டும். அடுத்த வீட்டுக்குப் போக ஊரைச் சுற்றிய கதைதான்!

இம்மார்க்கம் முற்றிலும் புதியதன்று. 1947 டிசம்பரில் ஏர் சிலோன் ஸ்தாபனத்தாரின் முதல் விமானமே இரத்மலானையிலிருந்து காங்கேசன்துறை வழியாகச் சென்னை வந்தது. அன்று காங்கேசன்துறை எனப்பட்ட நிலையந்தான் பலாலி. யுத்தத்தினால் நெடுங்காலம் அடைபட்டிருந்த இவ்வாயில் 2019 அக்டோபரில் திறக்கப்பட்டது; மறு வருஷமே கொரோனா நோயினால் சென்னை விமானம் நின்று, 2022 டிசம்பரில்தான் மீண்டும் வந்தது.

ஏடிஆர் 72 விமானம் உயரத்தில் மணிக்குச் சுமார் 500 கிலோமீட்டர் வேகத்தில் செல்லவல்லது. அக்கணக்குப்படி 185 கிலோமீட்டருக்கு 22 நிமிஷம் போதும். கால அட்டவணையிலோ ஏறக்குறைய ஒரு மணி நேரம். தரையில் ஊர்வதற்கும், ஏறுவதற்கும், இறங்குவதற்கும் மீதி நேரம் செல்கிறது. இதில் கம்பெனியார்மீது குறை சொல்ல நியாயமில்லை. ஆனால் அந்நிய தேசப் பிரயாணம் என்பதனால் பல மணி முன்னதாகவே நிலையம் வந்து, பாஸ்போர்ட் பரிசோதனை, சுங்கப் பரிசோதனை என்று இரு கரையிலும் வரிசையில் நிற்கிறார்களே, அந்த நேரத்தைக் குறைப்பது இரு சர்க்கார்களின் கையில் இருக்கிறது. பரிசோதனை வேண்டாமென்று நாம் சொல்லவில்லை. விரைவில் முடியட்டும் என்கிறோம்.

ஓடுபாதை விஷயம் இதைவிடக் கடினமானது. 2019இல் புதுப்பிக்கப்பட்டது சுமார் 1,400 மீட்டர். சிறு விமானங்களுக்கே அது போதும். அதனை 2,300 மீட்டராக்கினால் பெரிய விமானங்கள் வரலாம், கட்டணமும் இறங்கலாம். இதை நாம் முழுமனத்துடன் ஆதரிப்போம். ஆயினும் பலாலியைச் சூழ்ந்த வலிகாமம் வடக்கு, 1990இல் குடிகள் வெளியேற நேர்ந்து, பின்னர் இராணுவத்தின் உயர் பாதுகாப்பு வலயமான பூமி. தங்கள் தோட்டத்துச் செம்மண்ணை வேலிக்கு வெளியே நின்று பார்த்தே முதுமை எய்தியவர்கள் அங்கே உண்டு. 'பொதுக் காரியம்' என்ற இரண்டு சொற்களுக்குள் எத்தனை பேருடைய வீடும் கிணறும் மறைந்துவிடும் என்பதைச் சட்டம் பயின்ற நாம் அறியாதவர்களல்லோம். ஆகவே விஸ்தரிப்புக்கு எந்தெந்த நிலம் தேவை, அதன் உரிமையாளர் யார், நஷ்டஈடு எவ்வளவு, எஞ்சிய நிலம் எந்தத் தேதியில் திரும்பக் கொடுக்கப்படும் என்பவற்றை இலங்கைச் சர்க்கார் முதலில் எழுத்து மூலம் வெளியிடவேண்டும். வேலையைத் தொடங்குவது அதன் பின்னரே.