கட்டிலைச் சுற்றி ஒரு திரை

சென்ற ரமழானுக்குச் சில வாரங்கள் முன்பு என் உம்மா ஓர் அரசு மருத்துவமனையின் பெண்கள் வார்டில் ஒன்பது நாட்கள் தங்கிச் சிகிச்சை பெற்றார்கள். மூன்றாம் நாள், சிறுநீர் வெகுவாகக் குறைந்துவிட்டதென மருத்துவர் கவலை தெரிவித்தார். காரணத்தை என் மனைவிதான் கண்டறிந்தார். உம்மா தண்ணீர் குடிப்பதையே நிறுத்தியிருந்தார்கள்! கழிவறை நடைகூடத்தின் கோடியில் இருந்தது. கட்டிலிலேயே பெட்பேன் வைக்கலாமென்றால் மறைப்பு ஏதுமில்லை. பார்வையாளர் நேரத்தில் அந்நிய ஆண்களும் வந்துபோகும் கூடம் அது. எழுபது வயதைக் கடந்த அவர்கள் மானத்தைக் காக்கத் தாகத்தைப் பொறுத்துக்கொண்டார்கள்.

மருந்துக்குக் குறைவில்லை, செவிலியர் கனிவானவர்கள். குறை, வார்டை அமைத்த விதத்தில் இருந்தது.

நோயாளியின் தேவையறிந்து இடத்தை அமைப்பது நமக்குப் புதிதன்று. அகழ் யுத்தத்தில் கையில் அம்பு பாய்ந்து காயமுற்ற ஸஅத் பின் முஆத் (ரலி) அவர்களுக்கு நபி (ஸல்) அவர்கள் பள்ளிவாசலிலேயே கூடாரம் அமைத்தார்கள். அருகிலிருந்து நலம் விசாரிக்கவே அவ்வாறு செய்தார்கள் என ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஹதீஸ் புகாரியில் உள்ளது. சிகிச்சைக்கு எந்த இடமும் போதுமாயிருந்திருக்கும். உறவும் ஆறுதலும் எட்டும் இடமே தேர்ந்தெடுக்கப்பட்டது.

மம்லூக் சுல்தான் கலாவூன் 1284-85இல் கெய்ரோவில் எழுப்பிய மருத்துவமனையில் காய்ச்சல், கண்நோய், அறுவைச் சிகிச்சை ஆகியவற்றுக்குத் தனித்தனிக் கூடங்கள் இருந்தன. பெண்களுக்குத் தனிப் பகுதியும் இருந்தது. அதன் வக்ஃப் சாசனம் கட்டிலையும் விரிப்பையும் மட்டும் பேசவில்லை. வெயில் காலத்தில் நோயாளிகள் வீசிக்கொள்ள ஓலை விசிறிகளையும், உணவுக் கிண்ணங்களுக்கு மூடிகளையும்கூடக் குறிப்பிடுகிறது. எவருடைய நல்ல மனத்தையும் நம்பி விடாமல், விசிறிக்கும் எழுத்தில் இடமளித்தார்கள். நாம் இவ்வரலாற்றை மீலாது மேடைகளில் பெருமையாகச் சொல்லி முடித்துவிடுகிறோம்.

நோயாளி படுத்தவாறே சைகையால் தொழலாம், தண்ணீர் தீங்கு தருமெனில் தயம்மும் போதும் என்று மத்ரஸாவில் கற்பிக்கிறேன். ஆனால் அந்த வார்டில் கிப்லா எத்திசை என்று சொல்ல ஒருவருமில்லை. சுவரில் ஓர் அம்புக்குறி வரைய எவ்வளவு செலவாகும்? இரவு முழுவதும் எரியும் விளக்கு, துணைக்கு வந்தோர் வெறுந்தரையில் உறங்கும் அவலம் ஆகியவற்றையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

திரைகள் அழுக்கேறிக் கிருமிகளைப் பரப்பும், செவிலியரின் பார்வையை மறைக்கும் என்பார்கள். நியாயமான அச்சமே. தீவிர சிகிச்சைப் பிரிவில் நோயாளி எந்நேரமும் கண்பார்வையில் இருந்தாக வேண்டும். பொது வார்டுக்கோ, துடைத்துச் சுத்தம் செய்யக்கூடிய, தேவையானபோது மட்டும் உருட்டிவந்து நிறுத்தும் மறைப்புகள் உள்ளனவே!

இது முஸ்லிம்களுக்கென்று கேட்கும் சலுகையுமன்று. பக்கத்துக் கட்டிலில் இருந்த இந்து அம்மையாரும் அதே துன்பத்தில்தான் இருந்தார். என் மனைவி தம் துப்பட்டியை விரித்துப் பிடிக்க, எஞ்சிய நாட்களில் இருவரும் அதன் மறைவில்தான் காலம் தள்ளினார்கள்.

எங்கள் ஜமாஅத்தில் இப்போது இரண்டாவது ஆம்புலன்ஸ் வாங்க நிதி திரட்டுகிறார்கள். நல்ல காரியம்தான். அந்நிதியில் ஒரு சிறு பகுதியை ஒதுக்கி, மருத்துவமனை நிர்வாகத்தின் அனுமதியோடு அந்த வார்டுக்குச் சக்கரம் பொருத்திய மறைப்புகள் வாங்கித் தரலாமென வரும் ஜும்ஆவுக்குப் பின் நடக்கும் கூட்டத்தில் கேட்கவிருக்கிறேன். எத்தனை கட்டில்கள் என்பதை என் மனைவி எண்ணி வைத்திருக்கிறார்: இருபத்து நான்கு.