இறங்கியது கோடு, விலையல்ல

எண்களைக் கண்டால் விலகிப்போகும் வாசகரும் ஒரு கோட்டைக் கண்டால் நம்பிவிடுகிறார். ஆகவே, வரைபு என்பது பத்திரிகையாளன் மிகுந்த பொறுப்புடன் கையாள வேண்டிய கருவி. இலங்கையின் பணவீக்கத்தை நமது ஊடகங்கள் வரைந்து காட்டிய விதத்தைப் பார்க்கும்போது, அந்தப் பொறுப்பு எங்கே போயிற்று என்றே எனக்குக் கேட்கத் தோன்றுகிறது.

கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி 2022 செப்டெம்பரில் பணவீக்கம் 69.8 சதவீதம், 2023 செப்டெம்பரில் 1.3 சதவீதம். இவ்விரு புள்ளிகளையும் இணைத்தால் மலையுச்சியிலிருந்து பாதாளத்துக்கு விழும் ஒரு கோடு கிடைக்கும். அதன் கீழே ‘நிம்மதிப் பெருமூச்சு’ என்று ஒரு தலைப்பையும் இட்டுவிட்டால், விலைகள் பழைய நிலைக்குத் திரும்பிவிட்டன என்றுதானே சாதாரண வாசகர் எண்ணுவார்?

கணக்கோ வேறு. 2021 செப்டெம்பரில் 100 ரூபாவுக்கு வாங்கியவை, மறுவருடம் ஏறத்தாழ 170 ரூபா. அதற்கடுத்த வருடம் 172 ரூபா. குறைந்தது விலை ஏறிய வேகம் மட்டுமே. 2024 செப்டெம்பரில் பணவீக்கம் மறைப் பெறுமானமாகி 0.5 சதவீத வீழ்ச்சியைக் காட்டியபோதும், அந்த 172 ரூபாவில் ஒரு ரூபா அளவுதான் குறைந்தது.

நமது தாய்மார் இந்த ஊடகங்களைவிட நன்றாக வரைபு வாசிப்பவர்கள். குழந்தையை நிறுத்து, சுகாதாரப் பதிவேட்டில் குடும்பநல உத்தியோகத்தர் இடும் புள்ளிகளை அவர்கள் மாதந்தோறும் பார்க்கிறார்கள். அங்கே வரையப்படுவது குழந்தையின் நிறை. அதை விடுத்து, மாதாந்தம் கூடும் நிறையை மட்டும் வரைந்தால் என்னவாகும்? முதல் மாதங்களில் விரைவாகவும் பின்னர் மெதுவாகவும் வளர்வது குழந்தையின் இயல்பு. ஆகவே நோய்நொடியற்ற குழந்தைகூட நாளுக்கு நாள் தேய்ந்து போவதாகவே அந்தக் கோடு காட்டும்! பணவீக்கக் கோட்டை விலைக்கோடாகக் காட்டுவது இதற்கு ஒப்பான கூத்துத்தான்.

நாணயக் கொள்கையை வகுக்க வேகத்தை அளப்பதுதானே முறை என்று பொருளியலாளர் வாதிடலாம். மறுக்கவில்லை. மத்திய வங்கிக்கு அந்தக் கோடு இன்றியமையாதது. ஆனால் நாட்கூலிக்காரரும் ஓய்வூதியரும் கடைக்குக் கொண்டுபோவது வேகத்தை அல்ல, பணத்தை. ‘விலைவாசிதான் இறங்கிவிட்டதே, இன்னும் எதற்குச் சம்பள உயர்வு?’ என்று கேட்போரின் கையில் இந்த ஒற்றைக் கோடு ஆயுதமாகிறது. அதனாலேயே இதனை வெறும் கவனக்குறைவு என்று தள்ளிவிட என்னால் முடியவில்லை.

1786இல் வில்லியம் பிளேஃபெயர் தமது வர்த்தக வரைபுகளை வெளியிட்டபோது, இங்கிலாந்தின் ஏற்றுமதியையும் இறக்குமதியையும் ஒரே சட்டகத்துள் இரு கோடுகளாக வரைந்தார். இரண்டுக்கும் இடையிலான இடைவெளியே உண்மையைப் பேசியது. அவர் இருநூறு ஆண்டுகளுக்கு முன் கையால் செய்ததைக் கணினி வைத்திருக்கும் நாம் செய்யக்கூடாதா?

நான் கேட்பது பெரிதொன்றுமல்ல. பணவீக்கக் கோட்டை அச்சிடும் ஒவ்வொரு முறையும் பக்கத்திலேயே விலைமட்டத்தின் கோட்டையும் அச்சிடுங்கள். சம்பளத்தின் கோட்டையும் சேர்த்தால் இன்னும் நன்று. மூன்றையும் ஒருங்கே பார்க்கும் வாசகருக்கு நம்முடைய தலைப்பே தேவைப்படாது.