எல்லாச் சாமானும் ஊர்க் குரூப்பில் விலை போகாது

 

கொஞ்சம் நீளமான பதிவு. வாகனம் விற்கிற யோசனையில் இருக்கிறவர்கள் பொறுமையாகக் கடைசிவரை வாசியுங்கள்.

ஜெயபுரத்தில் ஒரு தம்பி தன்னுடைய ஹொண்டா சிஆர்-இசட் காரை விற்கப் போகிறேன் என்று எங்கள் பகுதி பேஸ்புக், வட்ஸ்அப் குரூப் எல்லாவற்றிலும் படம் போட்டிருந்தார். லைக் குவிந்தது. "செம மச்சான்" என்று முழங்காவிலில் இருந்தும் எழுதினார்கள், பிரான்சில் இருந்தும் எழுதினார்கள். வாங்க ஒருவரும் வரவில்லை. இப்போது விலையைக் குறைக்கப் போகிறாராம். நாங்கள் சொல்ல வருவது ஒன்றுதான்: விலையைக் குறைக்க முதல் விளம்பரம் போட்ட இடத்தை மாற்றிப் பாருங்கள்.

எங்கள் பக்கம் ஒரு லான்ட்மாஸ்டர் விற்பதென்றால் குரூப்பில் ஒரு படம் போதும். நாச்சிக்குடா, வலைப்பாடு பக்கம் படகு எஞ்சின் விற்பதென்றால் படமும் தேவையில்லை, கரையில் நாலு பேரிடம் சொன்னால் போதும். ஏனென்றால் அதை வாங்குகிறவர் இங்கேயே இருக்கிறார். திருத்துகிறவரும் இங்கேயே இருக்கிறார். விற்கிறவர் யாருடைய மகன் என்றும் எல்லோருக்கும் தெரியும்.

ஸ்போர்ட்ஸ் கார் அப்படி இல்லை. இரண்டு கதவு. பின்னால் பெயருக்கு இரண்டு இருக்கை. ஏ-32 வீதியில் அழகாக ஓடும், உள்ளே கிரவல் றோட்டுக்கு இறக்கினால் அடி தட்டும். குடும்பத்தோடு பெருநாளுக்குப் போக வாகனம் தேடுகிறவர் இதை வாங்க மாட்டார். தோட்டச் சாமான் ஏற்றுகிறவரும் வாங்க மாட்டார். இதை வாங்குகிறவர், இதே மொடலைத்தான் வாங்க வேண்டும் என்று தேடிக்கொண்டிருக்கிற ஒருவர். அவர் கொழும்பில் இருக்கலாம், கம்பஹாவில் இருக்கலாம், கண்டியில் இருக்கலாம். எங்கள் ஊர்க் குரூப்பை அவர் ஒருநாளும் பார்க்கப் போவதில்லை.

அப்படியென்றால் எங்கே போடுவது?

இலங்கையில் வாகனம் தேடுகிறவர்கள் முதலில் பார்க்கிற இடங்கள் இரண்டு. ஒன்று இக்மன். 2012இல் வந்தது. பெயருக்குச் சிங்களத்தில் "விரைவு" என்று பொருள். அங்கே போன், காணி, கட்டில், கார் எல்லாம் விலைக்கு வரும். கூட்டம் அதிகம். மற்றது ரியசெவன. அது வாகனத்துக்கு மட்டும். நிறுவனம், மொடல், ஆண்டு என்று பிரித்துத் தேடுகிறவர்கள்தான் அங்கே வருவார்கள். கூட்டம் முக்கியமில்லை, வருகிறவர் எதைத் தேடி வருகிறார் என்பதுதான் முக்கியம். அந்த வகையில் இந்தக் காருக்கு எங்கள் முதல் தெரிவு ரியசெவன, அடுத்தது இக்மன். சிறு கட்டணம் கேட்டாலும் கொடுங்கள். விலையில் நீங்கள் குறைக்க நினைக்கிற தொகையோடு பார்த்தால் அது ஒன்றுமில்லை.

மூன்றாவது, அந்த மொடல் வைத்திருக்கிறவர்கள் நடத்துகிற பேஸ்புக் குழுக்கள். அங்கே ஆள் குறைவு, ஆனால் காரைப் பற்றித் தெரிந்தவர்கள். பேஸ்புக் மார்க்கெட்பிளேஸ் அதற்கும் பிறகு. காசு இல்லாமல் போடலாம்தான், ஆனால் "இன்னும் இருக்கா?" என்று கேட்டுவிட்டுக் காணாமல் போகிறவர்களுக்குப் பதில் எழுதியே கை உளையும். ஊர்க் குரூப் கடைசி. போட வேண்டாம் என்று சொல்லவில்லை, அதை மட்டும் நம்பி இருக்க வேண்டாம் என்கிறோம்.

இதில் ஒரு பெரிய விசயம் மொழி. தமிழில் மட்டும் எழுதினால் தமிழில் தேடுகிறவர் மட்டும்தான் வருவார். ஆங்கிலத்தில் எளிமையாக நாலு வரி, சிங்களத்தில் இரண்டு வரி எழுதுங்கள். தெரியாவிட்டால் பாடசாலையில் இரண்டாம் மொழி படிப்பிக்கிற ஆசிரியரிடம் கேளுங்கள், சந்தோசமாக எழுதித் தருவார். எங்கள் பக்கத்தில் நடப்பது என்ன? சிங்களத்தில் ஒரு அழைப்பு வந்தவுடன் போனைத் தரகரிடம் கொடுத்துவிடுகிறோம். தரகர் அங்கே ஒரு விலை பேசுவார், எங்களிடம் வேறொரு விலை சொல்வார். இடையில் போவது எங்கள் காசு. தரகர் எல்லோரும் கெட்டவர்கள் இல்லை. ஆனால் எங்களுக்கும் வாங்குகிறவருக்கும் இடையில் இருக்கிற தூரமும் மொழியும்தான் சிலருக்கு வருமானம். அந்த இடைவெளியை நாலு வரி எழுதிக் குறைக்க முடியுமென்றால் ஏன் குறைக்கக் கூடாது?

"விலை இன்பொக்ஸில்" என்று எழுதுகிற பழக்கத்தையும் விட வேண்டும். விலை போடாத விளம்பரத்தை உண்மையாக வாங்க நினைக்கிறவர் தாண்டிப் போய்விடுவார். விலை எப்படி வைப்பது? அதே மொடல், அதே ஆண்டு வாகனம் அந்த இரண்டு தளத்திலும் என்ன விலை என்று ஒரு கிழமை பாருங்கள். ஒன்றை மறக்க வேண்டாம். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. அதனால் பழைய வாகனங்களின் விலை ஏறியது. 2025 பெப்ரவரியில் தனியார் வாகன இறக்குமதி திரும்பவும் திறந்துவிட்டது. தடைக் காலத்தில் பக்கத்து வீட்டுக்காரர் விற்ற விலையை மனதில் வைத்துக்கொண்டு இன்றைக்கு விலை சொல்ல முடியாது.

அடுத்தது, விளம்பரத்தில் என்ன எழுதுவது. ஊருக்குள் விற்கும்போது எங்கள் பெயரே பிணை. தூரத்தில் இருக்கிறவருக்கு எங்களையும் தெரியாது, எங்கள் வாப்பாவையும் தெரியாது. நாங்கள் எழுதுகிற எழுத்துத்தான் அங்கே பிணை. சிஆர்-இசட் 2010இல் வந்த கார். 1.5 லீற்றர் பெற்றோல் எஞ்சினோடு மின் மோட்டாரும் சேர்ந்த ஹைபிரிட். ஆரம்ப மொடல்களில் நிக்கல் வகைப் பற்றரி, 2012இன் கடைசியில் வந்த மாற்றத்தோடு லித்தியம் பற்றரி. ஆகவே உற்பத்தி ஆண்டு, மனுவல் கியரா ஓட்டோவா, ஹைபிரிட் பற்றரி முதலாவதா மாற்றியதா, கடைசியாக எங்கே சோதித்தது, எத்தனை கிலோமீற்றர், எங்கே அடிபட்டது, எந்தப் பக்கம் திரும்பப் பெயின்ற் அடித்தது, எல்லாம் எழுதுங்கள். கீறலையும் படம் எடுத்துப் போடுங்கள். குறையை எழுதினால் வரமாட்டார்கள் என்று பயப்படுகிறோம். முந்நூறு கிலோமீற்றருக்கு மேல் பயணம் செய்து வந்து நேரில் குறையைக் கண்டவர் கோபத்தோடு திரும்பிப் போவதை விட, தெரிந்துகொண்டு வருகிறவர் நல்லவர்.

நபி (ஸல்) அவர்கள் சந்தையில் ஒரு தானியக் குவியலுக்குள் கையை விட்டுப் பார்த்து, உள்ளே ஈரமாக இருந்ததைக் கண்டு, மக்கள் பார்க்கிற மாதிரி அதை ஏன் மேலே வைக்கவில்லை என்று வியாபாரியைக் கேட்ட சம்பவம் எங்கள் பிள்ளைகளுக்கும் தெரியும். மீற்றரைத் திருப்பி விற்பதும் ஈரத்தைக் கீழே மறைப்பதும் ஒன்றுதான். விலையை ஏற்றுவதற்காக, வாங்கும் எண்ணமே இல்லாத சிநேகிதனைக் கொண்டு "நான் இதற்கு மேல் தாறேன்" என்று கொமென்ற் போட வைப்பதும் மார்க்கத்தில் தடுக்கப்பட்டதுதான். இது முஸ்லிம்களுக்கு மட்டும் சொல்கிற கதை இல்லை. எந்தக் கோயிலுக்கும் தேவாலயத்துக்கும் போகிறவருக்கும் இது பொருந்தும்.

பாதுகாப்புக்கு சில வார்த்தை. வாகனப் பதிவுப் புத்தகத்தையும் அடையாள அட்டையையும் படம் எடுத்துப் பொதுவில் போட வேண்டாம். ஜெயபுரம்வரை வரத் தயங்குகிறவருக்குக் கிளிநொச்சி நகரத்திலோ வவுனியாவிலோ பகல் நேரத்தில் காட்டுங்கள். ஓட்டிப் பார்க்கக் கொடுக்கும்போது நீங்களும் ஏறிக்கொள்ளுங்கள். காசு போட்டாச்சு என்று சிலிப் படம் அனுப்பினால் நம்ப வேண்டாம், வங்கிக் கணக்கில் விழுந்ததைப் பார்த்த பிறகுதான் திறப்பு. போனுக்கு வருகிற இரகசிய இலக்கத்தை யார் கேட்டாலும் சொல்லக் கூடாது. லீசிங் இருந்தால் அதை விளம்பரத்திலேயே சொல்லுங்கள். புத்தகத்தில் முழு உரிமையாளராக நிதி நிறுவனத்தின் பெயர் இருக்கும்வரை அவர்கள் விடுவிக்காமல் மாற்ற முடியாது.

எல்லாவற்றையும் விட முக்கியமானது ஓபன் பேப்பர். வன்னியில் எத்தனை வாகனங்கள் இன்றைக்கும் முதல் உரிமையாளரின் பெயரிலேயே கைமாறிக் கைமாறி ஓடுகின்றன? வெற்றுப் படிவத்தில் கையெழுத்து வைத்துக் கொடுத்துவிட்டுக் காசை எண்ணிக்கொண்டு வந்துவிடுகிறோம். பிறகு அந்த வாகனம் விபத்தில் மாட்டினாலும், கள்ள மண் ஏற்றிப் பிடிபட்டாலும், பொலிஸ் முதலில் தேடி வருவது புத்தகத்தில் பெயர் இருக்கிறவரின் வீட்டுக்குத்தான். எங்கள் சனத்துக்கு வாசலில் பொலிஸ் நின்றால் என்ன பதற்றம் வரும் என்று நாங்கள் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கைமாறி 14 நாளுக்குள் விற்றவரும் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்கு அறிவிக்க வேண்டும் என்பது சட்டம். வாங்கினவர் மாற்றிக்கொள்வார் என்று இருந்துவிடக் கூடாது. முடிந்தால் இரண்டு பேரும் ஒரே நாளில் போய் அலுவலை முடியுங்கள். தூரத்து ஆளுக்கு விற்கும்போது இது இன்னும் அவசியம், ஏனென்றால் பிறகு அவரைத் தேடிப் பிடிக்க முடியாது.

இங்கே ஒரு வாகனம் என்பது சும்மா ஆடம்பரம் இல்லை. வெளிநாட்டில் ஒரு அண்ணன் குளிரில் உழைத்த காசு, அல்லது விற்ற காணியின் காசு, அல்லது தங்கச்சியின் கலியாணத்துக்கு வேண்டிய காசு அதில் இருக்கிறது. அவசரப்பட்டு அதை அரை விலைக்குக் கொடுக்க வேண்டாம்.

விளம்பரம் எழுத உதவி வேண்டியவர்கள் தயங்காமல் கேளுங்கள். எங்கள் பாடசாலையில் மூன்று மொழியும் எழுதக்கூடியவர்கள் இருக்கிறோம், காசு வேண்டாம். அண்மையில் வாகனம் விற்ற அனுபவம் உள்ளவர்கள் கீழே எழுதினால் மற்றவர்களுக்கும் பிரயோசனமாக இருக்கும்.