மாத்திரைச் சீட்டோடு கடமை முடிந்ததா?

உறவு அறுந்துவிடுமோ என்ற ஓயாத பயம், நொடிக்கு நொடி மாறும் உணர்ச்சி, தன்னையே காயப்படுத்திக்கொள்ளும் வேகம் - இதை வைத்தியர்கள் 'எல்லைக்கோட்டு ஆளுமைக் கோளாறு' என்கிறார்கள். ஊரார் 'கொழுப்பு' என்கிறார்கள். குணசீலம் கோயிலில் ஒரு மண்டலம் தங்க வைக்கச் சொல்வோரும் உண்டு. அங்கே போகிறவர்களை நாம் ஏளனம் செய்யவில்லை. வேறு வாசல் திறந்திருந்தால்தானே!

இந்நோய்க்கென்று தனி மாத்திரை கிடையாது. பேச்சு வைத்தியமே பிரதானம். வாரந்தோறும் தனிச் சந்திப்பு, குழுப் பயிற்சி என்று ஓராண்டு நடத்தினால் தற்கொலை முயற்சிகள் குறைகின்றன என்பதை மார்ஷா லினஹான் 1991-லேயே காட்டினார்.

திருச்சியில் நிலை என்ன? மாவட்ட மனநலத் திட்டம் 1990-களிலேயே வந்த ஊர் இது. திட்டக் குழுவில் மனோதத்துவர் ஒரே ஒருவர். மாவட்ட ஜனத்தொகையோ 2011 கணக்கின்படி 27 லட்சம்! ஆளுக்கு வாரம் ஒரு மணி என்றால் நாற்பது பேரோடு அவர் வாரம் தீர்ந்தது. உறையூர் நெசவாளி மகளுக்கு என்ன மிஞ்சும்? காசுள்ளவன் தனியார் டாக்டரிடம் போவான். அவளுக்கு மாத்திரைச் சீட்டு.

"நிபுணர் இல்லை" என்ற சாக்கு செல்லாது. இந்நோயை அறிந்த சாதாரண மனநல வைத்தியரின் ஒழுங்கான வாராந்தரக் கவனிப்பும் ஏறக்குறைய அதே பலனைத் தந்ததை 2009-ல் டொரோண்டோ ஆய்வு காட்டிற்று.

போதிய அளவில், தரமான சிகிச்சை உரிமை என்கிறது 2017-ஆம் ஆண்டுச் சட்டம். அப்படியானால் ஸ்ரீரங்கம் அரசு மருத்துவமனையிலும் புத்தூர் பெரியாஸ்பத்திரியிலும் போதிய மனோதத்துவர்களை நிரந்தரமாக நியமிக்க வேண்டும். நர்சுகளுக்குப் பயிற்சி தரவேண்டும். எப்போது என்று சர்க்கார் தேதி சொல்லட்டும்.