முடி மாத்திரையும் மாத்திரைதான்

"வேற ஏதாச்சும் மாத்திரை சாப்பிடறீங்களா?" என்று டாக்டர் கேட்டால் சுகர் மாத்திரையைச் சொல்கிறோம், பிரஷர் மாத்திரையைச் சொல்கிறோம், காலையில் வெறும் வயிற்றில் போடும் தைராய்டு மாத்திரையைச் சொல்கிறோம். முடி கொட்டாமல் இருக்க விழுங்குகிற மாத்திரையை மட்டும் யாரும் சொல்வதில்லை. அது அழகுக்கு, நோய்க்கு இல்லை என்று மனதுக்குள் ஒரு பிரிவினை வைத்திருக்கிறோம். அந்தப் பிரிவினை உடம்புக்குத் தெரியாது.

என் அக்கா மகள் பள்ளி ஆசிரியை. சில வருடங்களாகவே வகிடு அகலமாகிக்கொண்டு போனதில் மனம் நொந்து, தோல் மருத்துவரிடம் போய் மினாக்ஸிடில் மாத்திரை வாங்கிச் சாப்பிட ஆரம்பித்திருந்தாள். கொஞ்ச நாளில் போன் வந்தது. "சித்தி, மோதிரம் கழலவே மாட்டேங்குது. கொலுசு காலைப் பிடிக்குது. காலைல எழுந்தா கண்ணெல்லாம் வீங்கியிருக்கு." குடும்ப டாக்டரிடம் போனாள். உடம்பில் நீர் கோத்திருக்கிறது என்று சொல்லி அவர் தைராய்டு, கிரியாட்டினின், சிறுநீரில் புரதம் என எல்லாவற்றுக்கும் எழுதிக் கொடுத்தார். எல்லாம் சரியாக இருந்தன. வேறு மாத்திரை உண்டா என்றும் கேட்டிருக்கிறார். இல்லை என்று சொல்லியிருக்கிறாள். "ஏம்மா சொல்லலை?" என்றேன். "அது முடிக்குத்தானே சித்தி. அதுவும் அத்தை பக்கத்துல உட்கார்ந்திருந்தாங்க."

மினாக்ஸிடில் முடிக்காகப் பிறந்த மருந்தே இல்லை. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில், கலமசூ நகரத்தில் இருந்த அப்ஜான் நிறுவனம் அதை இரத்த அழுத்தத்துக்கான மருந்தாக வளர்த்தெடுத்தது. 1979இல் லோனிடென் என்ற பெயரில் மாத்திரையாக அனுமதி கிடைத்தது. வேறு எந்த மருந்துக்கும் அடங்காத கடுமையான இரத்த அழுத்தத்துக்குக் கடைசி ஆயுதமாகத்தான் கொடுத்தார்கள். சாப்பிட்டவர்களில் பெரும்பாலோருக்கு நெற்றியிலும் கன்னத்திலும் கையிலும் முடி முளைத்தது. பக்க விளைவாக வந்த அந்த முடியைப் பிடித்துக்கொண்டுதான் தலையில் தடவும் 2 சதவீதக் கரைசல் உருவானது. ரோகெய்ன் என்ற பெயரில் 1988இல் அதற்கு அமெரிக்க அனுமதி வந்தது. இன்று நம்மூர் மெடிக்கல் ஷாப்பில் கிடைக்கும் 5 சதவீதக் கரைசல்கள் அதன் வழிவந்தவை.

பழைய லோனிடென் மாத்திரையின் குறிப்பேட்டில் கறுப்புக் கட்டம் கட்டிய எச்சரிக்கை ஒன்று உண்டு. இந்த மருந்தைத் தனியாகக் கொடுக்காதீர்கள், பொதுவாக நீர் பிரியும் மாத்திரையோடும் இதயத் துடிப்பை அடக்கும் மாத்திரையோடும் சேர்த்தே கொடுங்கள் என்று அது சொல்கிறது. இதயத்தைச் சுற்றியுள்ள உறைக்குள் நீர் சேரக்கூடும் என்றும் சொல்கிறது. அப்போதைய அளவு வேறு என்பது உண்மை. இரத்த அழுத்தத்துக்கு வழக்கமாக நாளொன்றுக்கு 10 முதல் 40 மில்லிகிராம் கொடுத்தார்கள். முடிக்குக் கொடுப்பது கால் மில்லிகிராமிலிருந்து 5 மில்லிகிராம் வரைதான். அளவு குறைந்தாலும் மருந்தின் குணம் மாறிவிடவில்லை.

மினாக்ஸிடில் நுண்ணிய தமனிகளின் சுவரில் இருக்கும் தசையைத் தளர்த்துகிறது. குழாய் விரிகிறது, அழுத்தம் இறங்குகிறது. அழுத்தம் இறங்கியதை உடம்பு ஆபத்தாக எடுத்துக்கொள்கிறது. இரத்தம் குறைந்துவிட்டதோ என்று பதறி, இதயத்தை வேகமாக அடிக்க வைக்கிறது. உப்பையும் தண்ணீரையும் வெளியே விடாதே என்று சிறுநீரகத்துக்கு உத்தரவு போகிறது. இது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், தமனி விரிந்ததால் அதற்கு அப்பால் உள்ள தந்துகிகளில் அழுத்தம் கூடி, நீர் வெளியே கசிகிறது. மதகை அகலத் திறந்துவிட்டால் கடைமடை வயலில் வரப்பு கசியுமே, அப்படி. கசிந்த நீர் பகலெல்லாம் நிற்பவர்களுக்குக் கணுக்காலில் இறங்கும், இரவு படுத்தவர்களுக்குக் காலையில் கண்ணிமையில் தெரியும். அம்லோடிபின் சாப்பிடும் பெரியவர்களின் கால் வீக்கத்தைப் பல வீடுகளில் பார்த்திருப்பீர்கள். அதுவும் தமனியைத்தான் விரிக்கிறது, வழி மட்டும் வேறு.

யாரையும் பயமுறுத்துவதற்காக இதை எழுதவில்லை. ஆஸ்திரேலியத் தோல் மருத்துவர் ராட்னி சின்க்ளேர் 2018இல் பெண்களுக்குக் கால் மில்லிகிராம் மினாக்ஸிடிலை ஸ்பைரோனோலாக்டோனோடு சேர்த்துக் கொடுத்துப் பார்த்து எழுதினார். ஸ்பைரோனோலாக்டோன் நீரையும் பிரிக்கக்கூடிய மருந்து என்பதைக் கவனியுங்கள். 2021இல் ஸ்பெயினின் வான்யோ கல்வான் குழுவினர், குறைந்த அளவு மாத்திரை சாப்பிட்ட 1404 பேரின் விவரங்களைத் தொகுத்து வெளியிட்டார்கள். வேண்டாத இடத்தில் முடி முளைத்தது 15.1 சதவீதம் பேருக்கு. நீர் கோத்தது 1.3 சதவீதம் பேருக்கு. பக்க விளைவால் மருந்தை நிறுத்தியவர்கள் 1.7 சதவீதம். 2022 ஆகஸ்டில் நியூயார்க் டைம்ஸ் இந்த மலிவான பழைய மாத்திரையைப் பற்றி எழுதிய பிறகு உலகெங்கும் கிராக்கி ஏறியது. நூறில் ஒருவருக்குச் சற்று மேல் என்பது சிறிய எண்தான். ஆனால் லட்சக்கணக்கானவர்கள் சாப்பிடும்போது அந்த ஒருவர் ஒவ்வொரு ஊரிலும் இருப்பார். அவருக்கு நீர் ஏன் கோக்கிறது என்று அவருடைய டாக்டருக்குத் தெரிந்திருக்க வேண்டும். என் கவலை அவ்வளவுதான்.

மாத்திரைதான் உசத்தி, தடவுவது வீண் என்று நினைப்பவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். பிரேசிலில் 90 ஆண்களைப் பிரித்து, ஒரு பாதிக்கு 5 மில்லிகிராம் மாத்திரையும் மறுபாதிக்கு இரு வேளை 5 சதவீதக் கரைசலும் 24 வாரம் கொடுத்துப் பார்த்தார்கள். 2024இல் வெளியான முடிவில், மாத்திரை கரைசலை விட மேலானது என்று நிறுவ முடியவில்லை. தடவும் மருந்தில் சராசரியாக 1.4 சதவீதம் அளவுக்குத்தான் தோல் வழியாக உள்ளே போகிறது. ஆகவே வீக்கம் வருவது அரிது. அரிதே தவிர இல்லாமல் இல்லை. சொறிந்து புண்ணான தலையில் தடவினாலோ, சீக்கிரம் முளைக்கட்டும் என்று அளவை மீறி ஊற்றினாலோ உள்ளே போவது கூடும். கை கால் வீங்கினாலோ, காரணமில்லாமல் எடை திடீரென்று ஏறினாலோ நிறுத்திவிட்டு டாக்டரைப் பாருங்கள் என்று தடவும் மருந்தின் பெட்டியிலேயே அச்சடித்திருப்பார்கள். அந்தச் சின்ன எழுத்தை யாரும் படிப்பதில்லை.

நம் வீடுகளில் முடி உதிர்வதை நோயாகப் பார்ப்பதில்லை, குறையாகப் பார்க்கிறார்கள். பெண் பார்க்க வருகிறவர்கள் பின்னலைப் பார்க்கிறார்கள். மாப்பிள்ளைக்கு முன்நெற்றி ஏறினால் போட்டோவைத் திருப்பித் தருகிறார்கள். அதனால்தான் மாத்திரை பீரோவுக்குள் துணிக்கு அடியில் போகிறது. கணவனுக்குச் சொல்வதில்லை, மாமியாருக்குச் சொல்வதில்லை, கடைசியில் டாக்டருக்கும் சொல்வதில்லை. ஒருத்திக்கு எழுதிய சீட்டை வைத்துக்கொண்டு தங்கையும் தோழியும் வாங்கிச் சாப்பிடுவது இந்த ஒளிவுமறைவின் அடுத்த கட்டம். இது ஆபத்தானது. அந்தத் தங்கைக்கு இதய வால்வில் கோளாறு இருக்கிறதா, சிறுநீரகம் எப்படி இருக்கிறது, கர்ப்பமாக இருக்கிறாளா, குழந்தைக்குப் பால் கொடுக்கிறாளா என்று கேட்க அங்கே யாரும் இல்லை. இதயம் பலவீனமானவர்களும், இதய உறையில் முன்பு நீர் சேர்ந்தவர்களும், கர்ப்பிணிகளும், பாலூட்டுபவர்களும் இந்த மாத்திரையைத் தொடக்கூடாது. மூட்டு வலிக்கு டைக்ளோஃபெனாக், ஐபுபுரோஃபென் அடிக்கடி போடுகிறவர்களும் அதைச் சொல்ல வேண்டும். அந்த மருந்துகளும் உப்பையும் நீரையும் தேக்கும்.

பிரசவத்துக்குப் பிறகோ டெங்கு போன்ற கடும் காய்ச்சலுக்குப் பிறகோ இரண்டு மூன்று மாதம் கழித்துக் கொத்துக் கொத்தாக உதிரும் முடி, பெரும்பாலும் மருந்தே இல்லாமல் திரும்ப வந்துவிடும். அதற்கு மாத்திரை விழுங்குவதற்கு முன் கொஞ்சம் பொறுத்துப் பார்க்கலாம்.

அக்கா மகள் தோல் மருத்துவரிடம் திரும்பப் போனாள். அவர் கோபப்படவில்லை, நிறுத்தச் சொன்னார். வீக்கம் வடிந்தது. இப்போது கரைசலை மட்டும் தடவுகிறாள். வகிடு முன்பு போல ஆகவில்லை, உதிர்வது குறைந்திருக்கிறது.

மாத்திரை சாப்பிடுகிறவர்கள் ஆரம்பிக்கும் முன்பே எடையைப் பார்த்து எழுதி வையுங்கள். சில நாளில் இரண்டு கிலோவுக்கு மேல் ஏறினால், கணுக்காலை விரலால் அழுத்தினால் குழி விழுந்தால், மோதிரமோ செருப்பு வாரோ இறுகினால் மருந்து எழுதியவருக்கு உடனே தெரிவியுங்கள். படுத்தால் மூச்சு முட்டினாலோ நெஞ்சு வலித்தாலோ காத்திருக்க வேண்டாம், ஆஸ்பத்திரிக்குப் போங்கள். நீர் பிரியும் மாத்திரையை நீங்களாக வாங்கிப் போடாதீர்கள். அடுத்த முறை எந்த டாக்டர் எந்த நோய்க்காகக் கேட்டாலும், முடிக்குச் சாப்பிடுவதையும் தடவுவதையும் பெயரும் அளவும் சேர்த்துச் சொல்லுங்கள். பக்கத்தில் யாராவது இருப்பதால் சொல்ல முடியவில்லை என்றால், அவர்களை ஐந்து நிமிடம் வெளியே இருக்கச் சொல்லிவிட்டாவது சொல்லுங்கள்.